இரும்பு பழுக்கிற நிறம்

போன வருஷம் மாசியில் அப்பாவுக்கு வலது கண்ணில் புரை எடுத்தோம். அதற்கப்புறம் மூன்று மாதத்தில் அவர் அடித்துக் கொடுத்த வெட்டுக்கத்திகளில் நான்கு திரும்பி வந்துவிட்டன. நான்கிலும் ஒரே குறை, வெட்டுகிற வாய் மடங்குகிறது. தென்னை ஏறுகிற ஒருவர் பட்டறை வாசலில் நின்று கத்தியைத் திருப்பித் திருப்பிக் காட்டி, "ஆசாரியே, இது உங்க கத்திதானா?" என்று கேட்டிருக்கிறார். அம்மா போனில் முதலில் சொன்னது அந்தக் கேள்வியைத்தான்.

அப்பா போனை வாங்கினார். "மக்களே, இரும்பு இப்பம் சீக்கிரமே பழுத்துருது. கரி மாறல்ல, காத்து மாறல்ல. என்னன்னே தெரியல்ல."

நான் ஓசூரில் ஒரு ஹீட் ட்ரீட்மென்ட் கடையில் ஷிப்ட் பார்க்கிறவன். பல்சக்கரங்களையும் ஷாப்டுகளையும் உலையில் காய்ச்சி, எண்ணெயில் இறக்கி, கடினமாக்கிக் கொடுப்பது எங்கள் வேலை. அப்பா செய்வதையேதான் 19 வருஷமாக நானும் செய்கிறேன். எனக்கு மீட்டரில் எண் வரும். அவருக்கு நிறம் வரும், அவ்வளவுதான் வித்தியாசம்.

எங்கள் பட்டறை கன்னியாகுமரி மாவட்டத்தில், மணவாளக்குறிச்சிக்குப் பக்கத்தில். ஓலைக்கூரை, தெற்கே ஒரே ஒரு ஜன்னல், அதிலும் சாக்குத் தொங்கும். சின்ன வயதில் எனக்கு அந்த இருட்டு பிடிக்காது. "ஜன்னலைத் தொறந்தா என்னப்பா?" என்று கேட்டால், "வெயில்ல பாத்தா பழுத்த இரும்பும் பச்சையாத்தான் தெரியும்" என்பார். அது எவ்வளவு உண்மை என்று ஏழு வயதில் தெரிந்துகொண்டேன். முற்றத்தில் கறுப்பாகக் கிடந்த ஒரு துண்டு இரும்பை எடுத்தேன். தழும்பு இன்னும் வலது உள்ளங்கையில் இருக்கிறது. இருட்டுக்குள் கிடந்திருந்தால் அது லேசாகச் சிவந்து என்னை எச்சரித்திருக்கும்.

பழுக்கக் காய்ச்சிய கம்பி என்று நாம் எல்லோரும் சொல்வோம். யாரும் யோசித்துச் சொல்வதில்லை. அப்பா அதை நிஜமாகவே பழக்கணக்காக வைத்திருந்தார். இருட்டில் மங்கலாகச் சிவக்கும்போது 'செவ்வாழைத் தோல்'. அப்போது அடித்தால் இரும்பு முரண்டு பிடிக்கும். அதற்கு மேலே 'கொல்லாம்பழம்', நல்ல சிவப்பு முந்திரிப்பழம். தோய்ச்சலுக்கு, அதாவது தண்ணீரில் இறக்கி வாயைக் கடினமாக்குவதற்கு, அதுதான் பதம். அதையும் தாண்டி மஞ்சளானால் 'மட்டி', எங்கள் ஊர் மட்டி வாழைப்பழத்தின் நிறம். நீட்டவும் வளைக்கவும் அந்தச் சூடு வேண்டும். மட்டியையும் தாண்டி விட்டுவிட்டால் மத்தாப்பு மாதிரி பொறி பறக்கும். 'பூ விட்டுருச்சு' என்று சொல்லித் தூக்கிப் போடுவார். அதற்கப்புறம் அது இரும்பே இல்லை.

ஆடியில் இரண்டு நாள் லீவு போட்டு ஊருக்குப் போனேன். கம்பெனியில் சொல்லிவிட்டு ஒரு பைரோமீட்டரை எடுத்துக்கொண்டேன். துப்பாக்கி மாதிரி இருக்கும், தூரத்தில் நின்று குறி பார்த்தால் சூட்டைச் சொல்லும். காய்ச்சல் பார்க்க நெற்றியில் காட்டுகிறார்களே, அதன் பெரியண்ணன். ஆயிரம் டிகிரிக்கு மேலும் படிக்கும்.

லாரி வில்பட்டையில் வெட்டிய ஒரு துண்டு உலையில் இருந்தது. அப்பா கொறடால் பிடித்து வெளியே எடுத்தார். "இந்தா, கொல்லாம்பழம்."

மீட்டர் 752 காட்டியது.

மறுபடி வைத்தார், எடுத்தார். 748. மூன்றாவது தடவை 755. மனுஷன் மூன்று தடவையும் ஏழு டிகிரி வித்தியாசத்துக்குள் நிற்கிறார். அதைப் பார்த்து அசந்துபோனேன். ஆனால் நின்ற இடம் தப்பு. அந்த எஃகுக்கு 830-ஐ ஒட்டிப் போக வேண்டும். 750-இல் உள்ளே எஃகு பாதிதான் மாறியிருக்கும், தண்ணீரில் இறக்கினாலும் முழுசாக இறுகாது. வாய் மடங்கத்தான் செய்யும்.

"வலது கண்ணை மூடிக்கிட்டுப் பாருங்கப்பா" என்றேன். இடது கண்ணில் புரை இன்னும் இருக்கிறது. அவர் ஒரு கையால் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு, இன்னொரு கையால் கரியைக் கிளறிவிட்டுக் காத்திருந்தார். நேரம் போனது. "ம்... இப்பம்."

826.

அந்த இரும்பு சூடாறுவதற்குள் அவர் இடது கண்ணையும் வலது கண்ணையும் மாற்றி மாற்றி மூடித் திறந்து பார்த்தார். பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி. "இதுக்குக் கொல்லாம்பழம். இதுக்குச் சக்கைச் சுளை." சக்கை என்றால் பலா. பிறகு என்னைப் பார்த்து, "அப்பம் நெறம் இரும்புல இருக்கா, கண்ணுல இருக்கா?" என்றார்.

ஐம்பது வருஷம் உலை முன்னால் நின்றவர் கேட்கிற கேள்வி. சட்டென்று பதில் சொல்லக் கூடாது என்று நினைத்தேன். டீ வந்தது. திண்ணையில் உட்கார்ந்தோம்.

வெளிச்சம் இரும்பில்தான் இருக்கிறது. சூடு என்பதே உள்ளே இருக்கிற அணுக்களும் எலெக்ட்ரான்களும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஆடுகிற ஆட்டம். மின்னேற்றம் உள்ள எதை ஆட்டினாலும் அதிலிருந்து அலை கிளம்பும். ரேடியோ டவரில் நடப்பதும் அதுதான். ஆகவே சூடுள்ள எல்லாப் பொருளும் எப்போதும் கதிர் விட்டுக்கொண்டே இருக்கிறது. திண்ணை, டீ கிளாஸ், அப்பா, நான் எல்லோரும். நம் உடம்பு விடுகிற கதிர் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. நெற்றித் துப்பாக்கி படிப்பது அதைத்தான்.

சூடு ஏறினால் அது ஏன் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கிறது, ஏன் முதலில் சிவப்பு? அப்பாவுக்குத் திங்கள்சந்தைக் கணக்காகச் சொன்னேன். சந்தையில் ஏகப்பட்ட கூட்டம், எல்லோரும் ஒருவருக்கொருவர் காசு கைமாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். சாதாரண நாளில், 30 டிகிரியில், ஆளுக்குச் சராசரி ஒரு ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வெளிச்சத்தைச் சில்லறையில் விற்க மாட்டார்கள், முழுப் பொட்டலம்தான். நம் உடம்பு விடுகிற அகச்சிவப்புப் பொட்டலம் ஐந்து ரூபாய். ஆழ்ந்த சிவப்பு 68 ரூபாய். பச்சை 90. ஊதா 119. (இந்த விலை நான் சும்மா அடித்துவிட்டது இல்லை. உண்மையான விகிதமே இதுதான்.) சராசரி ஒரு ரூபாய் உள்ள கூட்டத்தில் தற்செயலாக ஐந்து ரூபாய் சேர்ந்தவன் எப்போதும் இருப்பான். 68 ரூபாய் சேர்ந்தவன் கிடையவே கிடையாது என்று சொல்லிவிடலாம். 830 டிகிரிக்குப் போனால் சராசரி 3 ரூபாய் 64 காசு. இப்போதும் சிவப்பு எட்டாத விலைதான், சராசரியைப் போல 19 மடங்கு. ஆனால் ஒரு கிராம் இரும்பில் இருக்கிற அணுக்கள் 1-க்குப் பின்னால் 22 சைபர். அத்தனை பேர் புரளுகிற சந்தையில் 68 ரூபாய் சேர்ந்த அதிர்ஷ்டக்காரர்கள் போதுமான அளவு தேறிவிடுவார்கள். 119 ரூபாய்க்காரன் தேற மாட்டான். அதனால்தான் முதலில் சிவப்பு.

"அப்பம் மட்டி?"

சூடு ஏற ஏறப் பச்சைக்குக் காசுள்ளவனும் வருவான். சிவப்போடு பச்சை சேர்ந்தால் கண்ணுக்கு மஞ்சள். எல்லாம் சேர்ந்தால் வெள்ளை. அதனால்தான் பச்சையாகப் பழுக்கிற இரும்பு உலகத்தில் கிடையாது. பச்சைக்கு வழி வரும்போது சிவப்பு ஏற்கெனவே கொட்டிக்கொண்டிருக்கும்.

இதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். 750-க்கும் 830-க்கும் வித்தியாசம் 80 டிகிரிதான். ஆனால் சிவப்பு வெளிச்சம் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு கூடிவிடுகிறது. எட்டாத விலை என்பதால், சராசரி கொஞ்சம் ஏறினாலே வாங்குகிறவர்களின் எண்ணிக்கை எகிறும். கொல்லர் கண்ணால் சூடு பார்க்க முடிவதே இதனால்தான். முற்றிய புரையும் இதே கணக்கில்தான் ஏமாற்றியது. அது பழுப்பாகிப்போன லென்ஸ். வெளிச்சத்தையும் குறைக்கும், இருக்கிற கொஞ்சம் பச்சையையும் தின்றுவிடும். புரை ஒரே நாளில் வரவில்லை. பத்து, பதினைந்து வருஷமாக வளர்ந்தது. கத்தி இறுகாவிட்டால் இன்னும் கொஞ்சம் காய்ச்சுவார், அப்படியே அவர் மனசில் இருந்த கொல்லாம்பழமும் புரையோடு சேர்ந்து நகர்ந்துவந்திருக்கிறது. ஆபரேஷன் ஒரே மணி நேரத்தில் கண்ணை இருபது வருஷம் பின்னால் கொண்டுபோய்விட்டது. பழம் இருந்த இடத்திலேயே நின்றுவிட்டது.

அந்தப் புரையில் உலைக்கும் பங்குண்டு. வயசு 72, அதுவும் காரணம்தான். ஆனாலும் கண்ணாடி ஊதுகிறவர்களுக்கும் உலைக்காரர்களுக்கும் புரை சீக்கிரம் விழும் என்பது ரொம்பக் காலமாகத் தெரிந்த சங்கதி. பழுத்த இரும்பு விடுகிற கதிரில் கண்ணுக்குத் தெரிகிற பங்கு துளிதான். மீதி எல்லாம் அகச்சிவப்பு. பார்த்த வெளிச்சத்தைவிடப் பார்க்காத வெளிச்சம்தான் அவர் கண்ணைக் காய்ச்சியிருக்கிறது.

டீ முடிந்து உள்ளே போனோம். அப்பா தேங்காய்ச் சிரட்டைக்கரியைக் குவித்து, நடுவில் குழி பண்ணி, ஒரு பட்டையைச் செருகிக் காற்றை வைத்தார். கொஞ்ச நேரத்தில் பட்டையைக் காணவில்லை. அதாவது அங்கேதான் இருக்கிறது, ஆனால் கண்ணுக்குப் பிடிபடவில்லை. கரியும் இரும்பும் ஒரே நிறம், ஓரம் எது என்று தெரியாது. "தீ முழுங்கிருச்சு" என்பார் இதை. எங்கள் கடையிலும் உலையின் பார்வைத் துளை வழியாகப் பார்த்தால் இதே கதை. புதுசாக வருகிற பையன்கள் பயந்துபோய் "சார், உள்ளே லோடே இல்லை" என்பார்கள். உள்ளே 300 கிலோ பல்சக்கரம் இருக்கும். தட்டு, செங்கல், சக்கரம் எல்லாம் ஒரே சூட்டில் இருந்தால் எல்லாம் ஒரே வெளிச்சமாகக் கரைந்துவிடும்.

பொருள் எதுவானாலும் ஒன்றுதான் என்பதை நியூயார்க்கில் டிரேப்பர் என்பவர் 1847-இல் சோதித்திருக்கிறார். பித்தளை, சலவைக்கல், கரி என்று வெவ்வேறு பொருள்களைத் துப்பாக்கிக் குழாய்க்குள் போட்டுக் காய்ச்சி, இருட்டில் குழாய்க்குள் எட்டிப்பார்த்தார். எல்லாம் ஒரே சூட்டில் ஒளிவிட ஆரம்பித்தன. சுமார் 525 டிகிரி. 1859-இல் கிர்க்காஃப் என்ற ஜெர்மன் இயற்பியலாளர் அதற்குக் காரணம் சொன்னார். ஒரு பொருள் எந்த அளவுக்குக் கதிரை உள்ளே வாங்குமோ அந்த அளவுக்குத்தான் வெளியே விடும். பளபளப்பான பொருள் திருப்பி அனுப்பிவிடும், அதனால் கொஞ்சமாகத்தான் விடும். கரி முழுசாக வாங்கும், முழுசாக விடும். உலைக்குள் இந்த வித்தியாசம் சமமாகிவிடுகிறது. தானாகக் குறைவாக விடுகிற பொருள் பக்கத்துப் பொருளின் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பிச் சரிக்கட்டிவிடும். இதை அம்மாவின் பாத்திரத்திலேயே பார்த்தேன். அடுப்பில் வெந்நீர் கொதிக்கிற எவர்சில்வர் செம்பின் பளபளப்பான பக்கத்தில் பைரோமீட்டரைக் காட்டினால் 41 டிகிரி. அடியில் கரி பிடித்த இடத்தில் காட்டினால் 96. அம்மா, "இதுக்கா இவ்வளவு ரூவா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

இந்த உலைத் துளையை உட்கார்ந்து அளந்தவர்கள் பெர்லின்காரர்கள். 1890-களில் அங்கே இருந்த அரசு அளவை ஆய்வகத்துக்கு விளக்குகளை எப்படி அளப்பது என்ற கவலை. மின்விளக்கு வந்துவிட்டது, எது அதிக வெளிச்சம் என்று சொல்ல ஒரு அளவுகோல் வேண்டும். மூடிய உலையில் சின்னத் துளை போட்டு, வருகிற வெளிச்சத்தை நிறம் நிறமாகப் பிரித்து அளந்தார்கள். பழைய இயற்பியல் கணக்குப்படி பார்த்தால், ஊதாவும் அதற்கு அப்பாலும் எந்தச் சூட்டிலும் அள்ளிக் கொட்ட வேண்டும். அப்படி நடந்தால் எங்கள் வீட்டு அடுப்பங்கரையில் நிற்க முடியாது. 1900 அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரூபென்ஸ் என்ற ஆய்வாளர் பிளாங்க் என்ற இயற்பியலாளரின் வீட்டுக்குப் போய்ப் புதிய அளவுகளைச் சொன்னார். பிளாங்க் அதற்குப் பொருந்துகிற சூத்திரத்தைக் கண்டுபிடித்து அந்த மாதம் 19-ஆம் தேதி வாசித்தார். டிசம்பர் 14-ஆம் தேதி அதன் காரணத்தையும் வாசித்தார். காரணம், ஆற்றல் சில்லறையாகப் போகாது, பொட்டலமாகத்தான் போகும். மேலே சந்தைக் கணக்கில் நான் சொன்ன பொட்டலம் அவர் போட்டதுதான்.

ஊரில் பழைய குண்டு பல்பு காலத்தில் சாயங்காலம் ஆறு மணிக்கு லோ வோல்டேஜ் வருமே, ஞாபகம் இருக்கிறதா? பல்பு செவ்வாழை ஆகிவிடும். பத்து மணிக்கு மேல் எல்லோரும் படுத்தபின் மட்டிக்கு வரும். ஒழுங்கான கரண்ட்டில் அந்த டங்ஸ்டன் கம்பி 2500 டிகிரி வரைக்கும் போகும். அப்போதும் சராசரி ஒன்பது ரூபாய்தான், சிவப்பே 68. அதனால் வாங்கிய மின்சாரத்தில் இருபதில் ஒரு பங்குகூட வெளிச்சமாக மாறாது, மீதி சூடு. கம்பியை இன்னும் காய்ச்சலாம் என்றால் 3422 டிகிரியில் டங்ஸ்டனே உருகிவிடும். சூரியனின் மேற்பரப்பு 5500 டிகிரி, அதற்குச் சராசரி 19 ரூபாய்.

சாயங்காலம் சொல்லிவைத்த மாதிரி கரண்ட் போனது. அம்மா நல்லெண்ணெய் விளக்கை ஏற்றி நடையில் வைத்தாள். அப்பா கேட்டார், "சிரட்டைக்கரில தீயே கெடையாதே. நீலமா ரெண்டு நாக்கு ஓடும், அவ்வளவுதான். இது மட்டும் எப்படி இவ்வளவு வெளிச்சம்?"

நல்ல கண். கரி நேராக எரிகிறது, வெளிச்சம் தருவது பழுத்த கரித்துண்டுதான். மேலே ஓடுகிற நீலம் கார்பன் மோனாக்சைடு வாயு எரிவது. விளக்கில் என்ன நடக்கிறது என்பதை மறுநாள் காலையில் காட்டினேன். கிழக்கு வாசலில் வெயில் நேராக உள்ளே விழும்போது, விளக்கை ஏற்றி வெள்ளைச் சுவருக்கு முன்னால் வைத்தேன். சுவரில் விளக்கின் நிழல், திரியின் நிழல், அதற்கு மேலே சுடரின் நிழல். ஆமாம், சுடருக்கு நிழல் விழும். அதுவும் எந்த இடம் கண்ணைக் கூசுகிற மஞ்சளோ அந்த இடத்தில்தான் நிழல் அதிகக் கறுப்பு. அப்பா விரலை நீட்டி நிழலைத் தொட்டுப் பார்த்தார். லண்டனில் ஃபாரடே என்ற விஞ்ஞானி கிறிஸ்மஸ் சமயத்தில் பிள்ளைகளுக்கு மெழுகுவத்தியை வைத்துப் பேசியபோது இதே நிழலைக் காட்டியிருக்கிறார்.

நிழல் விழுகிறது என்றால் அங்கே வெயிலை மறிக்கிற திடப்பொருள் இருக்கிறது. எண்ணெய் ஆவியாகி மேலே ஏறும்போது நடுவில் காற்று போதாது. ஆவி உடைந்து கரி பிரியும், ஒன்றோடொன்று ஒட்டிக் கண்ணுக்குத் தெரியாத பொடியாகும். அந்தப் பொடி 1200, 1300 டிகிரியில் பழுத்து நிற்கிறது, அவ்வளவுதான் சுடரின் மஞ்சள். நுனிக்குப் போகும்போது காற்றுக் கிடைத்து எரிந்து மறைந்துவிடும். எரியாமல் தப்பினால் புகை. என் தங்கை பிள்ளைக்குக் கண்மை கட்ட அம்மா ஆமணக்கெண்ணெய் விளக்கின் மேலே பித்தளைத் தட்டைக் கவிழ்த்து வைப்பாள். தட்டில் பட்டுக் குளிர்ந்ததும் அந்தப் பொடி எரிய முடியாமல் ஒட்டிக்கொள்ளும். பிள்ளை கன்னத்தில் வைக்கிற திருஷ்டிப் பொட்டு, ஒரு நொடிக்கு முன்னால் மட்டிப்பழ நிறத்தில் ஒளிவிட்டுக்கொண்டிருந்த சாமான்.

காஸ் அடுப்பு வேறு கதை. அங்கே காற்று முன்கூட்டியே கலந்துதான் பர்னருக்கு வருகிறது. கரி ஒட்டிப் பொடியாக நேரமே இல்லை. நீலம் வருவது எரிகிற அவசரத்தில் பிறந்து மறைகிற துண்டு மூலக்கூறுகளிலிருந்து. ஒரு கார்பனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த ஜோடி 431 நானோமீட்டரில் நீல ஊதா விடும். இரண்டு கார்பன் ஜோடி 516-ஐ ஒட்டி நீலம் கலந்த பச்சை விடும். இதற்கும் சந்தைச் சராசரிக்கும் சம்பந்தம் இல்லை. அந்த மூலக்கூறு பிறக்கும்போதே கையில் பெரிய நோட்டோடு பிறக்கிறது. 'நீலத் தீ ஏன் நீலம் என்றால் அது அதிகச் சூடு' என்று வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ சுற்றுகிறது. பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வரும். காஸ் தீ விளக்குச் சுடரைவிடச் சூடுதான், ஆனால் நீலத்துக்குக் காரணம் அது இல்லை. சூட்டினால் மட்டும் ஒரு பொருள் நீலமாக வேண்டுமானால் பத்தாயிரம் டிகிரியைத் தாண்ட வேண்டும். அதைப் பார்க்க வானத்துக்குத்தான் போக வேண்டும். மார்கழி ராத்திரியில் திருவாதிரை நட்சத்திரத்தைப் பாருங்கள், செம்மஞ்சள். மேற்பரப்பு மூவாயிரத்துச் சொச்சம் டிகிரிதான். அதே கூட்டத்தில் எதிர்மூலையில் நீலவெள்ளையாக ரைஜெல், சுமார் 12,000.

சோறு பொங்கி அடுப்பில் வழிந்தால் நீலம் சட்டென்று மஞ்சளாகுமே, அது மூன்றாவது வகை. கஞ்சியில் இருக்கிற உப்பு. சோடியம் 589 நானோமீட்டரில் விடுகிற மஞ்சள், விளக்கு மஞ்சளோடு சேர்த்தி இல்லை. அம்மா போட்ட உப்பு அதிகமா குறைவா என்று இதைப் பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டாள். முடியாது. துளி உப்பே அடுப்பை மஞ்சளாக்கிவிடும்.

பரணில் தாத்தா காலத்துப் பெட்ரோமாக்ஸ் ஒன்று கிடக்கிறது. கோயில் கொடைத் திருவிழாவுக்கு வாடகைக்குப் போய்வந்த விளக்கு. அதில் இந்த இரண்டு வித்தையும் ஒன்றாக இருக்கிறது. மண்ணெண்ணெயை ஆவியாக்கிக் காற்றோடு கலந்து, வெளிச்சமில்லாத நீலத் தீயாக எரித்து, அந்தச் சூட்டில் ஒரு திடப்பொருளைப் பழுக்கவைப்பது. அந்தத் திடப்பொருள்தான் மேண்டில். புது மேண்டில் துணிப்பை மாதிரி இருக்கும். முதல் தடவை கொளுத்தினதும் துணி போய்ச் சாம்பல் கூடு நிற்கும். விரல் பட்டால் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். சின்ன வயதில் ஒன்றை உதிர்த்து வாங்கிய அடி வேறு கணக்கு. ஆஸ்திரியாவின் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக் கண்டுபிடித்த கலவை அது, 99 பங்கு தோரியம் ஆக்சைடு, ஒரு பங்கு சீரியம் ஆக்சைடு. தோரியம் ஆக்சைடு அகச்சிவப்பைக் குறைவாக விடும். மலிவான அகச்சிவப்புப் பொட்டலங்களில் காசைக் கரைக்காது. அதனால் சூட்டைத் தக்கவைத்துக்கொள்ளும். சீரியம் அந்தச் சூட்டை வெளிச்சமாக விடும்.

அந்தத் தோரியம் எங்கே இருந்தது தெரியுமா? எங்கள் கடற்கரையில். 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், அப்போது எங்கள் ஊரும் சேர்ந்திருந்த திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில், தோரியம் உள்ள மோனசைட் என்ற கனிமத்தைக் கண்டுபிடித்தார். மேண்டிலுக்குத் தோரியம் தேடிக்கொண்டிருந்த காலம் அது. கொஞ்ச நாளில் மணவாளக்குறிச்சியிலேயே மணல் பிரிக்கிற ஆலை வந்துவிட்டது. அந்தப் பெட்ரோமாக்ஸ் ஊருக்குள் வந்தபோது தாத்தாவுக்கு இந்த விவரம் தெரிந்திருக்காது. அப்பாவுக்கு இப்போது சொன்னேன். "அப்பம் நம்ம மண்ணை எடுத்து நமக்கே வித்திருக்கான்" என்றார்.

சரி, கத்தி விஷயம். பைரோமீட்டரை நான் திருப்பிக் கொண்டுபோக வேண்டும். விலைக்கு வாங்கிக் கொடுக்கலாம் என்றால் அப்பா சம்மதிக்கவில்லை. "அது நெறத்தைச் சொல்லாது, நம்பரைத்தான் சொல்லும்." பழைய ஸ்பீக்கர் ஒன்றை உடைத்து வட்டக் காந்தத்தை எடுத்தேன். செப்புக் கம்பியில் கட்டி உலைக்குப் பக்கத்தில் விட்டத்திலிருந்து தொங்கவிட்டோம். இரும்பு 770 டிகிரியை ஒட்டிப் போனதும் காந்தத்துக்கு மசியாது. காந்தம் இழுத்தால் இன்னும் பச்சை, பதம் வரவில்லை. இழுக்காவிட்டால் உலைக்குள் திருப்பி வைத்து இன்னும் ஒரு சுற்று காற்று. சட்டென்று காட்டி எடுத்துவிட வேண்டும், காந்தமும் சூடேறினால் செத்துவிடும்.

முதல் பட்டை, அவருக்குக் கொல்லாம்பழமாகத் தெரிந்தபோது, காந்தத்தில் டக்கென்று ஒட்டியது. அப்பா முகத்தைப் பார்க்க வேண்டுமே. மறுபடி வைத்தார். காந்தம் விட்டது. இன்னும் காற்று வைத்தார். ஜன்னல் சாக்கை இழுத்து மூடினார். எடுத்தார். நான் மீட்டரைப் பார்த்தேன், 833. அவர் பார்க்கச் சொல்லவில்லை. இரண்டு கண்ணையும் திறந்துவைத்துக்கொண்டு இரும்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"செந்தூர வரிக்கை" என்றார். சிவப்பும் மஞ்சளும் கலந்த சுளை உள்ள சக்கை. "இனி இதுதான்."

வாயை மட்டும் தண்ணீரில் இறக்கினார். ஆறியதும் அரத்தை எடுத்து ஓரத்தில் இழுத்தார். அரம் பிடிக்காமல் கண்ணாடியில் போகிற மாதிரி வழுக்கியது.

இடது கண்ணுக்கு ஆவணியில் ஆபரேஷன் என்று தேதி குறித்திருந்தார்கள். அதற்கு முன்னால் கைவசம் இருக்கிற ஆறு கத்தியையும் அடித்து முடித்துவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே கரியைக் கொட்டினார்.